பக்கம் நூற்றுப் பதினேழு

ஏழு பிரதி அச்சடித்தோம்.
ஒன்று நூலகத்தில், பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள்.
ஒன்று நெறியாளர் மேசையில்,
மின்விசிறிக்கு மற்ற தாள்கள் பறக்காமலிருக்க.
வெளித்தேர்வாளர் படித்தார். அதற்கு அத்தாட்சி,
பதினோராம் பக்கத்து ஒற்றுப்பிழையைச் சுற்றி ஒரு சிவப்புச் சுழி.
மிச்சம் நான்கையும், வீடு மாற்றிய அன்று,
பழங்காநத்தம் பழைய பேப்பர் கடையில்
கிலோ பன்னிரண்டுக்குப் போட்டுவிட்டார் என் கணவர்.
"சாப்ட் காப்பி இருக்குல்ல?"

தலைப்பு நீளம்:
மதுரை மாநகர நுகர்வோரின்
ஆயத்த ஆடை வாங்குதலில் அறம்சார் தேர்வுகள்.
பலரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.
'அறம்சார்' வரும்போதே முகங்கள் மூடிக்கொள்ளும்.
ஓர் ஆட்டோக்காரர் மட்டும் கேட்டார்,
"அதாவது என்னங்க?"
அதற்குள் காளவாசல் வந்துவிட்டது.

அதாவது,
விளக்குத்தூண் பக்கம் முந்நூற்று இருபதுக்கு
ஒரு நைட்டி எடுக்கிறீர்கள்.
வில்லாபுரத்தில், கதவை ஒட்டிப் போட்ட மெஷினில்
அதைத் தைத்தவளுக்கு எவ்வளவு என்று தெரிந்தால்
வேறு கடைக்குப் போவீர்களா?
முந்நூற்று எண்பத்தாறு பேரிடம் கேட்டேன்.
கட்டாயம் என்றார்கள் முந்நூற்றுப் பத்துப் பேர்,
தள்ளுபடிப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு.

மழை விட்ட ஒரு சாயங்காலம்
தவசி கடையில் இரண்டு பருப்பு வடை.
கையில் சுடச்சுட அட்டவணை 4.6.
எண்ணெய் பரவிய இடத்தில்
எழுத்து இன்னும் கறுப்பாகத் துலங்கியது:
துண்டு ஒன்றுக்குத் தையல் கூலி, ரூ. 9.

அச்சுத்தாளில் பலகாரம் மடிக்கக் கூடாது.
எட்டாம் அத்தியாயத்தில் நானே எழுதியிருக்கிறேன்.
எந்த பஜ்ஜியைச் சுற்றிப் போனதோ எட்டாம் அத்தியாயம்.

பக்கத்தில் நின்ற லோடுமேன்
கடைசித் துணுக்கை வாயில் போட்டுவிட்டு
தன் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
அவருக்கும் அதே பக்கம், வேறு பிரதி.
"முந்நூத்தி இருவதுல ஒம்பதா?
மிச்சம் எங்கிட்டுய்யா போகுது?"

மூன்று கருத்தரங்கு. ஒரு பொன்னாடை.
யாரும் கேட்டதில்லை இதை.

"துணி இருக்கு, வாடகை இருக்கு, கரண்டு இருக்கு,
கடைக்காரனும் திங்கணும்ல" என்றார் ஒருவர்.
"அவென் திங்கட்டும். நான் அந்த ஒம்பதக் கேக்குறேன்."
டீ ஆறியது. குரல்கள் ஏறின.
நான் என் பெயரைச் சொல்லவில்லை.

கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த ஒச்சம்மாள்
நிமிராமலே சொன்னார்:
"ஒம்பது எவன் குடுக்கான்? எட்டு.
பை வச்சாத்தேன் ஒம்பது.
நூலு நம்மளுது.
ஊசி ஒடைஞ்சா அதுவும் நம்மளுது."

அட்டவணையில் நூலுக்குக் கட்டமே இல்லை.
நெறியாளர் கேட்கவில்லை. சிவப்புச் சுழி கேட்கவில்லை.
நானும், அத்தனை மதியம்
அவர்கள் தந்த மோரைக் குடித்துக்கொண்டு, கேட்கவில்லை.
பேனாவை எடுத்து ஒன்பதை அடிக்கப் பார்த்தேன்.
எண்ணெய்த் தாளில் மை ஒட்டாமல் வழுக்கியது.

"இன்னும் ரெண்டு கட்டு கெடக்கு" என்றார் தவசி,
"பிள்ளைக பாடமாத் தெரியுது. வேணும்னா எடுத்துக்கிறீகளா?"
வேண்டும் என்றும் வாய் வரவில்லை,
வேண்டாம் என்றும்.
லோடுமேன் பக்கத்தை எட்டாக மடித்துச்
சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பை நனைந்தது.
தீபாவளிக்கு அவர் வீட்டில் என்ன எடுப்பார்கள்?
தெரியாது. என் கணக்கில் அவர் இல்லை.

வீட்டுக்கு வந்து சாப்ட் காப்பியைத் திறந்தேன்.
ஒன்பதுக்குப் பக்கத்தில் புதிதாய் ஒரு பத்தி:
நூல், யார் காசு?
கீழே, நான் நேரில் பார்த்துப் பேசிய
நாற்பத்திரண்டு பேருக்கும்
நாற்பத்திரண்டு கட்டங்கள்.
காலி.